தாள ஆட்டத்துக்குக் காரணம் சவுண்ட் கார்டு இல்லை

அண்ணாச்சி, கோயில் கொடைக்கு உடுக்கைத் தாளத்தைத் தானே எழுதிய சீக்வென்சரில் (எந்த அடி எப்போது ஒலிக்கணும் என்று சொல்லும் கணினி நிரல்) ஓட்டும் பாளையங்கோட்டைத் தம்பியிடம், "அடி முன்னே பின்னே ஆடினால் சவுண்ட் கார்டு மட்டம், புதுசு வாங்கு" என்கிறீர்கள். தப்பு, அவர் காசுதான் வீணாகும்.

கார்டின் பஃபரால், அதாவது ஒலிக்கும் முன் சத்தத்தைச் சேர்த்து வைக்கும் இடத்தால், வருவது தாமதம். 44100 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 44100 சாம்பிள் (சத்தத்தின் ஒரு கண அளவு) ஓடும்போது, பஃபரில் 512 சாம்பிள் என்றால் சுமார் 11.6 மில்லிசெகண்ட், அதுவும் எல்லா அடிக்கும் ஒரே அளவு. ஆட்டம் வருவது அவர் நிரலில் டிக்குக்கு டிக் (அடியைப் பிரித்த சின்னப் பங்கு) போட்டிருக்கும் ஸ்லீப்பால், அதாவது 'இவ்வளவு நேரம் தூங்கு' என்ற கட்டளையால். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், அடிக்கு 96 டிக் வைத்தால் ஒரு டிக் 5.2 மில்லிசெகண்ட்தான், ஆனால் விண்டோஸ் டைமர் மாற்றாமல் விட்டால் சுமார் 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் விழிக்கும், அப்புறம் ஒவ்வொரு பிசகும் அடுத்ததன் தலையில் ஏறும், பாட்டு முடிவதற்குள் உடுக்கை எங்கேயோ போயிருக்கும்.

தம்பி, ஸ்லீப்பை நம்பாதீங்க. கார்டுக்குப் போன சாம்பிள்களை எண்ணி அதையே கடிகாரமாக வையுங்க. இதே வேகத்தில் ஓர் அடிக்கு 22050 சாம்பிள். நோட்டையும் பஃபரின் தொடக்கத்தில் ஒட்டாமல் அதற்குரிய சாம்பிளிலேயே போடுங்க. கரகரவென்று சத்தம் உடைந்தால் மட்டும் பஃபரைக் கூட்டி, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பாருங்க.