'அமைதி' என்று நான் பெயர் வைக்கவில்லை

என் ஓவியத்தின் கீழே ஒட்டப்பட்ட தலைப்பு அட்டையைப் பற்றி இரண்டு நாட்களாகப் பேச்சு நடக்கிறது. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்த பெயர் 'மரம் இருந்த இடம்'. அட்டையில் அச்சாகியிருந்தது 'அமைதி'. பார்வையாளர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று கண்காட்சி நடத்துகிறவர்கள் மாற்றினார்களாம். நல்லெண்ணம்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கலாம் என்பது மட்டும் அந்த நல்லெண்ணத்துக்குத் தோன்றவில்லை.

அந்தக் கித்தானின் இடப்பக்கத்தில் ஒரு மரம் இருந்தது. மூன்று வாரம் அதை வரைந்தேன். கிளைகள் நன்றாக வந்துவிட்டன, அதுதான் சிக்கல். கண் அங்கேயே நின்றுகொண்டு, பின்னால் இருந்த வெளிக்குள் போக மறுத்தது. ஒரு மாலையில் கத்தியால் சுரண்டினேன். பாதி காய்ந்த வண்ணம் தோல் உரிவதுபோல் சுருண்டு வந்தது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் குழைத்துக் கிடைத்த சாம்பல் நிறத்தில் அதன்மேல் வானத்தைப் பூசினேன். ஆனாலும் பழைய தூரிகைத் தடம் அடியில் மேடாக நிற்கிறது. அதற்கு 'அமைதி' என்று பெயர் வைப்பது, இழவு வீட்டுக்குப் போய் "வீடு நல்ல விசாலம்" என்று பாராட்டுவதற்குச் சமம்.

"பெயரில் என்ன இருக்கிறது, படம்தானே பேச வேண்டும்" என்கிறார்கள். பெயரில் ஒன்றுமில்லை என்றால் அதை மாற்ற ஏன் மெனக்கெட்டார்கள்?

படித்த நண்பர் ஒருவர் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளைச் சாட்சிக்குக் கொண்டுவந்தார். 1821-இல் 'நிலக்காட்சி: நண்பகல்' என்று அவர் காட்சிக்கு வைத்ததை இன்று உலகமே 'வைக்கோல் வண்டி' என்கிறது, அதனால் ஓவியம் குறைந்தா போயிற்று என்று கேட்கிறார். குறையவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் வண்டி இருக்கிறது, ஐயா. என் படத்தில் அமைதி எந்த மூலையில் இருக்கிறது? பிறர் சொன்ன பெயரை ஏற்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்க ஓவியர் விஸ்லரின் இரவுக் காட்சிகளுக்கு 'நாக்டர்ன்' என்ற, இரவை நினைவூட்டும் இசை வடிவத்தின் பெயரைச் சொன்னவர் அவருடைய புரவலர் லேலண்ட்தான். விஸ்லர் மகிழ்ந்து எடுத்துக்கொண்டார். லேலண்ட் சொன்னார். அட்டையை அச்சடித்து ஒட்டிவிட்டுப் போகவில்லை.

என் முதல் கண்காட்சியில் 'நிலக்காட்சி 1' தொடங்கி 'நிலக்காட்சி 9' வரை எண்ணிட்டு மாட்டியிருந்தேன். சோம்பலைத் தத்துவம் என்று நம்பிய வயது. ஒரு மூதாட்டி சுற்றிப் பார்த்துவிட்டு, "பெற்ற பிள்ளைகளையும் எண் போட்டுத்தான் கூப்பிடுவீர்களா?" என்றார். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் பெயரில்லாமல் வெளியே அனுப்பியதில்லை. இந்தப் படத்துக்காக நோட்டில் பதினொரு பெயர்களை எழுதி அடித்திருக்கிறேன். நான்காவதாக அடித்த பெயர் 'அமைதி'.

"விற்காத படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், விற்கவில்லை. விற்கிறவராக இருந்தால் கேட்டிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அட்டையை விடவும் அதுதான் உறுத்துகிறது என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

எண்ணெய் வண்ணம் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்ல ஒளி ஊடுருவத் தொடங்கி, அடியில் மறைத்ததைக் காட்டிக்கொடுக்கும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், படத்தின் வலப்பக்கம் ஒதுங்கி, விளக்கொளி சாய்வாக விழும் கோணத்தில் நின்று பாருங்கள். மரம் தெரியும்.