முழங்கால் குருத்தெலும்பு: எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?

மூட்டுக் குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்று விளம்பரம் செய்பவர்கள், எந்தச் சிகிச்சையோடு ஒப்பிட்டு, எத்தனை ஆண்டுகள் கவனித்த பிறகு அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் அந்த வழவழப்பான திசுவில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. செல்களும் மிகக் குறைவு. அது ஒருமுறை அழிந்தால் சீராவதில்லை என்று உடற்கூறியல் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே லண்டனில் எழுதிவிட்டார். அந்தச் சேதத்தைச் சரிசெய்யச் செய்யும் மைக்ரோஃப்ராக்சர் என்ற அறுவை முறையில் அடியிலுள்ள எலும்பில் சிறு துளைகள் இட்டு, மஜ்ஜையிலிருந்து கசியும் ரத்தம் உறைந்து திசுவாக மாறும்படி விடுகிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் உருவாவது அசலைவிட வலுக்குறைந்த நார்க் குருத்தெலும்புதான். ஸ்வீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்ட முறையில், நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, சேதமான இடத்தில் வைக்கிறார்கள். இரண்டாவது முறைதான் மேலானது என்று யாருக்கும் தோன்றும்.

இவ்விரு முறைகளையும் ஒப்பிட, நார்வேயில் 80 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். செல் சிகிச்சை பெற்ற 40 பேரில் 17 பேருக்கும், துளையிடப்பட்ட 40 பேரில் 13 பேருக்கும் சிகிச்சை தோல்வியடைந்தது. புள்ளியியல் நோக்கில் இதை வேறுபாடாகக் கொள்ள முடியாது. ஏறத்தாழப் பாதிப்பேரின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தொடங்கியிருந்தது. ஆனாலும் இரண்டாம் ஆண்டில் எடுத்த திசு மாதிரி மிகத் தரமாக இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட ஐந்தாண்டுக்குள் தோல்வி ஏற்படவில்லை என்பதால், திசுவின் தரம் பொருட்டல்ல என்றும் ஒதுக்கிவிட முடியாது. அங்கே பயன்பட்டது செல் சிகிச்சையின் பழைய நுட்பம். செல்களைக் கொலாஜன் சவ்வில் ஏற்றிப் பொருத்தும் புதிய வடிவத்துக்கு அமெரிக்கா 2016-இல் அனுமதி அளித்தது. எனக்கு உறுத்துவது வேறொன்று: அறுவையே செய்யாத மூன்றாவது குழு ஒன்று அந்த ஆய்வில் இல்லை. சும்மா விட்டிருந்தால், உடற்பயிற்சி மட்டும் கொடுத்திருந்தால் அந்த முழங்கால்கள் என்னவாகியிருக்கும்?

இவையெல்லாம் ஓரிடத்தில் மட்டும் குருத்தெலும்பு சேதமடைந்த, வயது குறைந்தவர்களுக்கான சிகிச்சைகள். மூட்டு முழுவதும் தேய்ந்த அறுபது வயது அம்மாக்களுக்கும் அதே வாக்குறுதியைக் கொடுத்து ஊசி போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 288 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத் தட்டணுக்களைச் செறிவூட்டிப் போடும் பிஆர்பி ஊசிக்கும் வெறும் உப்புநீர் ஊசிக்கும் இடையே, ஓராண்டுக்குப் பிறகு வலியிலோ குருத்தெலும்பின் கன அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஊசிக்கான கட்டணத்தைச் சொல்லும்போதே இந்த முடிவையும் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.