ஓபி-வான் சொன்ன பொய்

சிங்கப்பூரின் ஒன்-நார்த்தில் 2014-இல் சேண்ட்கிராலர் கட்டடம் திறந்த பிறகு, அங்கு வைக்கப்பட்ட யோடா சிலையோடு படம் எடுத்துக்கொண்ட ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் நம்மில் நிறையப் பேர். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, “இவர்தான் பெரிய குரு” என்று காட்டியிருக்கிறோம். அந்தப் பெரிய குருவும், ஓபி-வான் போன்ற அவருடைய சகாக்களும், அதாவது ஜெடை என்ற வாள்வீரர் கூட்டத்தின் குருமார்கள், சொந்த மாணவர்களுக்குச் செய்ததை மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக மன்னித்துவிடுகிறோம்? ரொம்ப நாளாக எனக்கிருக்கும் ஆதங்கம் இது.

1977-இல் வந்த முதல் படத்தில் லூக் என்ற இளைஞன் தன் அப்பாவைப் பற்றி ஓபி-வானிடம் கேட்கிறான். எதிரிப் படையின் டார்த் வேடர் அவரைக் கொன்றுவிட்டான் என்கிறார் அவர். அந்த வேடர்தான் அப்பா என்பது 1980 படத்தில் தெரிகிறது, அதுவும் கை வெட்டுப்பட்டு நிற்கும் நேரத்தில், எதிரியின் வாயால். 1983-இல் ஆவியாக வரும் ஓபி-வானிடம் லூக் நேராகவே கேட்கிறான். ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னதும் உண்மைதான் என்கிறார் அவர். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரே 292-ஆம் குறளில் சொல்லியிருக்கிறாரே என்று கேட்கலாம். சரி, இங்கே யாருக்கு நன்மை? அதே காட்சியை இன்னும் கொஞ்சம் பாருங்கள். சொந்த அப்பாவை என்னால் கொல்ல முடியாது என்கிறான் லூக். அப்படியானால் வேடரின் எஜமானனான பேரரசன் ஏற்கெனவே ஜெயித்துவிட்டான் என்கிறார் ஓபி-வான். பையனின் மனசு நோகக்கூடாது என்பதற்காக மட்டும் மறைத்திருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. உண்மை தெரிந்தால் அவன் வாளை எடுக்கமாட்டான் என்ற பயம் அதில் இருக்கிறது. கடைசியில் அவன் வாளைத் தூக்கி எறிந்ததால்தான் வேடர் மனம் மாறினான்.

வார இறுதியில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன் கேட்டான்: “அண்ணா, பொய் சொல்லியும் அவர் எப்படி நல்லவர்?” நல்லவர்தான். பாலைவனத்தில் ஒளிந்து வாழ்ந்து அந்தப் பிள்ளையைத் தூரத்திலிருந்தே காவல் காத்தவர், அவன் தப்பிக்கத் தன் உயிரைக் கொடுத்தவர். கெட்டவராக இருந்தால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. தீமிதிக்கு முன் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் பாரதக் காட்சிகள் நடக்கும் ஊரில் வளர்ந்தவர்கள் நாம். அர்ஜுனனுக்குக் கொடுத்த வாக்குக்காக ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்ட துரோணரைத் தெரியாதா நமக்கு?

எனக்கு ஆறவே ஆறாதது அனகினின் அம்மா ஷ்மியின் விஷயம். பின்னாளில் டார்த் வேடராக மாறுபவன்தான் இந்த அனகின்; சிறுவயதில் அம்மாவும் அவனும் வாட்டோ என்பவனின் அடிமைகள். 1999 படத்தில் ஓபி-வானின் குருவான குவை-கான் இருவரின் விடுதலையையும்தான் கேட்கிறார். வாட்டோ ஒருவரை மட்டும் பந்தயம் வைக்கச் சம்மதித்து, யார் என்று முடிவுசெய்யப் பகடைக் கட்டை உருட்டுகிறான். உருண்டு நிற்கப் போகும் கட்டையைக் குவை-கான் விரலை லேசாக அசைத்து, பையன் பக்கம் விழவைக்கிறார். பையன் கிடைத்துவிட்டான். அம்மா அடிமையாகவே இருக்கிறாள். குவை-கான் சீக்கிரமே இறந்துவிடுகிறார், சரி. பத்து வருஷத்தில் ஜெடை சபையிலிருந்து ஒருவருக்குமா போய்ப் பார்க்கத் தோன்றவில்லை? கடைசியில் அவளை மீட்டவன் ஒரு விவசாயி.

அம்மா கனவில் வந்து வதைக்கிறாள் என்று அனகின் சொன்னபோது, கனவுகள் தன்னால் போய்விடும் என்றார் ஓபி-வான். அப்புறம் அவன் தேடிப் போனபோது, அவள் அவன் மடியில் உயிர்விடத்தான் நேரம் இருந்தது. 2005 படத்தில் மறுபடியும் ஒரு மரணக் கனவு, மனைவியைப் பற்றி. இந்த முறை யோடாவிடம் போகிறான். இழக்க அஞ்சுவதையெல்லாம் விட்டுவிடப் பழகு என்று உபதேசம் கிடைக்கிறது. மரணத்தைத் தடுக்க வழி இருப்பதாகச் சொன்னவர், பின்னாளில் பேரரசனாகும் பால்பட்டீன் ஒருவர்தான். அவர்தான் வில்லன்.

அனகினை அவதரித்த ரட்சகன் என்று ஜெடை குருமார்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பொத்திப் பொத்தி வளர்த்தவர்கள், பயந்துபோன பிள்ளையைக் கவனிக்கவில்லை.

2017 படத்தில் யோடா ஆவியாக வந்து, உன் தோல்வியையும் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடு என்கிறார் லூக்கிடம். எனக்கு மிகவும் பிடித்த யோடா இவர்தான். அதற்குள் லூக்கும் தூங்கும் மாணவனின் தலைமாட்டில் வாளோடு நின்றாகிவிட்டது, அந்த மாணவனும் எதிரிப் பக்கம் போய்விட்டான்.