பார்ட் டைமா ஏஏடி படிச்சா மதிப்பு இல்லையா?

பிரிட்டன்ல வேலை பாத்துக்கிட்டே ஏஏடி (கணக்கு வழக்கு வேலைக்கான தகுதிப் படிப்பு, லெவல் லெவலா இருக்கும்) படிக்கலாமான்னு யாராச்சும் கேட்டா போதும், "டிகிரி இல்லாம சேர முடியாது, பார்ட் டைம்ல வாங்குறது மட்டமான சர்டிபிகேட்"னு ஒரு மெசேஜ் சுத்துது. ரெண்டுமே தப்புங்க.

லெவல் 2ல சேர டிகிரி தேவையே இல்ல, நெறைய பேர் ஆரம்பிக்குறதே அங்கதான். அப்புறம் 3, 4. ஃபுல் டைம்ல படிச்சாலும் ராத்திரி வீட்ல உக்காந்து படிச்சாலும் பரீட்சை ஒண்ணுதான், கம்ப்யூட்டர்ல எழுதணும், 70 சதவீதம் எடுத்தாதான் பாஸ், பார்ட் டைம்காரங்களுக்குன்னு தனி பேப்பர் எல்லாம் கிடையாது.

சொல்லப்போனா ஆபீஸ்ல இருக்குறவங்களுக்கு இதுல லாபம்தான். பகல்ல பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கேஷ் புக்கையும் வச்சு, இன்னும் பேங்க்ல பாஸ் ஆகாத செக் எது, நாம எழுதாம விட்ட பேங்க் சார்ஜ் எதுன்னு தேடுறவங்களுக்கு லெவல் 2ல வர்ற பேங்க் ரீகன்சிலியேஷன் பாதி தெரிஞ்ச பாடம். லெவல் 4 முடிச்சிட்டு எம்ஏஏடி (ஏஏடியோட முழு மெம்பர்ங்கிற பட்டம்) வாங்கவும் வேலை அனுபவம் காட்டணும், அதனால வேலைய விட்டுட்டுதான் படிக்கணும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க. டைம் கூட ஆகும், அது மட்டும் நிஜம்.