முதலைத் தொடாதே

(கோவை மேட்டுப்பாளையம் சாலை. பூ மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தெருமுனை. மாலை ஆறரை மணி. பூக்காரம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறார். இட்லி மாவு விற்பவர் டப்பாக்களோடு வண்டியை நிறுத்துகிறார்.)

மாவுக்காரர்: அக்கா, புதுக் கார்டு அடித்திருக்கிறேன். முதல் கார்டு உங்களுக்குத்தான்.

பூக்காரம்மா: கண்ணாடி கொண்டு வரவில்லை, தம்பி. நீயே படி.

மாவுக்காரர்: 'நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி.'

பூக்காரம்மா: மாவு என்று எங்கேயுமே போடவில்லையே?

மாவுக்காரர்: மாவு என்று போட்டால் மதிப்பாக இருக்காதே அக்கா. மாதம் 60,000 சம்பாதிக்கிற ஆள் நான்.

பூக்காரம்மா: (நாரை விட்டுவிட்டு) எப்படி?

மாவுக்காரர்: தினம் 40 கிலோ மாவு. கிலோ 50 ரூபாய். ஒரு நாளைக்கு 2,000. முப்பது நாளைக்கு நீங்களே பெருக்குங்கள்.

பூக்காரம்மா: 40 கிலோ விற்கிறாயா, அரைக்கிறாயா?

மாவுக்காரர்: அரைக்கிறேன்.

பூக்காரம்மா: அப்படிப் பார்த்தால் நான் கட்டுகிற பூவுக்கெல்லாம் பணம் வந்திருந்தால் இந்தத் தெருவையே வாங்கியிருப்பேன். அந்த டப்பாவில் என்ன மிச்சம்?

மாவுக்காரர்: அது... வெயிலுக்கு நாலு கிலோ புளித்துவிட்டது.

பூக்காரம்மா: ஒரு 200 போச்சு. கடன்?

மாவுக்காரர்: கடன் எல்லாம் கிடையாது. மாடி வீட்டு அம்மா மட்டும் ரெண்டு கிலோ, மாசக் கடைசியில் தருவார்கள்.

பூக்காரம்மா: எழுதி வைக்கிறாயா?

மாவுக்காரர்: நம்பிக்கைதான்.

பூக்காரம்மா: அது 100. வேறு?

மாவுக்காரர்: மாமியார் வீட்டுக்கு ரெண்டு கிலோ. அதை எல்லாம் கணக்கில் எழுதலாமா?

பூக்காரம்மா: மாமியார் சாப்பிட்டாலும் மாவு தீரத்தானே செய்கிறது? ஆக, கையில் காசாக வருவது 1,600. அரிசி, உளுந்து?

மாவுக்காரர்: 1,100.

பூக்காரம்மா: கவர், பெட்ரோல், கரண்ட்?

மாவுக்காரர்: கரண்ட் பிரச்சினையே இல்லை. ரெண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று இலவசம்தானே!

பூக்காரம்மா: அது வீட்டுக்கு. கடைக்கென்று வேறு கட்டணம் உண்டு. ரீடிங் எடுக்க வருகிறவர் உன் கிரைண்டரைப் பார்த்தாரானால் அந்த இலவச யூனிட்டை மறந்துவிட வேண்டியதுதான். எல்லாம் சேர்த்து 150 வை. மிச்சம் 350. இதில் எத்தனை பேர் உழைக்கிறீர்கள்?

மாவுக்காரர்: நானும் என் வீட்டுக்காரியும். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறாள்.

பூக்காரம்மா: தலைக்கு 175. ஊரில் என் தங்கச்சி நூறு நாள் வேலைக்குப் போகிறாள். 2025இலேயே அதற்குக் கூலி 336 ரூபாய் ஆகிவிட்டது. அவளிடம் கார்டு மட்டும் இல்லை.

மாவுக்காரர்: (கார்டை மெல்லப் பைக்குள் வைக்கிறார்) அப்படியானால் நான் ஜி.எஸ்.டி.க்குப் பயந்து தூங்காமல் கிடந்ததெல்லாம்?

பூக்காரம்மா: பொருள் விற்கிறவனுக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தக் கவலை. நீ அரைத்ததை எல்லாம் விற்றாலும் ஏழு லட்சத்துச் சொச்சம்தான். நிம்மதியாகத் தூங்கு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாயா? சின்ன வியாபாரிக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான்.

மாவுக்காரர்: செய்ய வேண்டும். கார்டுக்கே 2,000 ஆகிவிட்டது.

பூக்காரம்மா: அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

மாவுக்காரர்: (குரலைத் தாழ்த்தி) தண்டல். பத்தாயிரத்துக்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்தார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். நூற்றுக்குப் பதினைந்து வட்டிதானே, பரவாயில்லை.

பூக்காரம்மா: அந்தப் பதினைந்து நூறு நாளைக்கு, தம்பி. அதுவும் மறுநாளே பணம் திரும்பிப் போக ஆரம்பித்துவிட்டது. சராசரி பார்த்தால் உன் கையில் நின்றது நாலாயிரத்துச் சில்லறை. அதற்கு 1,500 வட்டி. வருஷக் கணக்கில் 120 சதவீதம் பக்கம் வருகிறது.

மாவுக்காரர்: உங்களுக்கு எப்படி இவ்வளவு...

பூக்காரம்மா: மூன்று வருஷம் தண்டல் கட்டிப் படித்த படிப்பு. அப்புறம்தான் கொரோனா வருஷத்தில் தெரு வியாபாரிகளுக்கு ஸ்வநிதி என்று மத்திய அரசின் கடன் திட்டம் வந்தது. முதலில் 10,000. ஒழுங்காகக் கட்டியதும் 20,000. உனக்கு முத்ரா என்கிற சிறுதொழில் கடன் திட்டத்தில் சிசுக் கடன் இருக்கிறது, 50,000 வரை. அடமானம் கிடையாது.

மாவுக்காரர்: சிசுவா? எனக்கு நாற்பது வயதாகிறதே!

பூக்காரம்மா: கடனுக்குத்தான் அந்தப் பேர். நீ கணக்குப் போடுகிற அழகுக்கும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

(மடியிலிருந்து மூன்று சுருக்குப் பைகளை எடுத்து வைக்கிறார்.)

பூக்காரம்மா: இது நாளைக் கொள்முதலுக்கு. இது வீட்டுக்கு. பசித்தாலும் சரி, பண்டிகை வந்தாலும் சரி, முதலைத் தொடக் கூடாது.

மாவுக்காரர்: முதலையை யார் அக்கா தொடுவார்கள்?

பூக்காரம்மா: எல்லாரும்தான் தொடுகிறார்கள். அது கடிப்பது மறுநாள் காலை மார்க்கெட்டில்தான் தெரியும். இன்னொன்று, ஏழு மணிக்கு மேல் பூ என் பேச்சைக் கேட்காது. அதனால் ஆறரைக்கே விலையைக் குறைத்துவிடுவேன். நீயும் வெயில் காலத்தில் 35 கிலோவோடு நிறுத்து. புளிக்கப் போவதைச் சாயங்காலமே பணியாரத்துக்கென்று குறைத்துக் கொடு. எந்தக் கிழமை லீவு விடுகிறாய்?

மாவுக்காரர்: சனிக்கிழமை.

பூக்காரம்மா: ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு ஊரே மாவு தேடுகிற நாள்! நல்ல அதிகாரி.

மாவுக்காரர்: சரி அக்கா, எல்லாம் மாற்றுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். நீங்கள் சொன்ன 350இல் தண்டலுக்கு 100 போனால் கல்லாவில் 250 இருக்க வேண்டும். 150தான் இருக்கிறது. தினமும் இதே கதை. கிழிந்த நோட்டா, எலியா, ஒன்றும் புரியவில்லை.

பூக்காரம்மா: (பூவில் தண்ணீர் தெளிக்கிறார்) எலி நோட்டை எண்ணியா தின்னும்?

மாவுக்காரர்: அந்த மூன்றாவது பை எதற்கென்று சொல்லவில்லையே?

பூக்காரம்மா: அது என்னுடையது இல்லை. உன் வீட்டுக்காரி தினம் 100 ரூபாய் கொடுத்து வைக்கச் சொன்னாள். 45 நாள் ஆகிறது, 4,500.

மாவுக்காரர்: என் கல்லாவிலிருந்தா!

பூக்காரம்மா: அவள் சம்பளம். நீ போடவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

மாவுக்காரர்: (நெடுநேரம் பையைப் பார்த்துவிட்டு) அக்கா, தண்டலுக்குப் பாக்கியும் 4,500தான். இதைக் கொடுத்து முடித்துவிட்டால்?

பூக்காரம்மா: வட்டியை முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். முன்னால் கட்டினாலும் ஒரு பைசா குறையாது. தினப்படியே கட்டு.

மாவுக்காரர்: அப்படியானால் கிரைண்டர் ரிப்பேருக்கு ஒரு ஆயிரம் மட்டும் கைமாற்றாக...

பூக்காரம்மா: கேட்பாய் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறாள். தாராளமாகத் தரச் சொன்னாள்.

மாவுக்காரர்: தங்கமான மனசு அக்கா அவளுக்கு!

பூக்காரம்மா: (எட்டு நூறு ரூபாய் நோட்டும் ஓர் ஐம்பதும் எண்ணி நீட்டுகிறார்) இந்தா, 850. நாளையிலிருந்து தினம் பத்து ரூபாய், நூறு நாள்.