விட்பி டு ஸ்கார்பரோ, மெயின் ரோடு வேண்டாம்
உங்க கட்டுரைல, இங்கிலாந்து கடலோரத்துல இருக்கற விட்பி ஊர்ல இருந்து ஸ்கார்பரோவுக்கு ஏ171 மெயின் ரோட்டுலயே சைக்கிள்ல போகலாம்னு எழுதியிருக்கீங்க, தயவுசெஞ்சு அத மாத்துங்க சார், லாரியும் காரும் ஒரசிக்கிட்டு போற ரோடு அது. பக்கத்துலயே சிண்டர் ட்ராக் இருக்கே! 1965ல மூடுன ரயில் பாதை, இப்ப சைக்கிள்ல போற பாதை, சுமார் 35 கிலோமீட்டர். ஆரம்பத்துலயே எஸ்க் ஆத்து மேல 13 வளைவு வெச்ச செங்கல் பாலம், அப்புறம் ராபின் ஹூட்ஸ் பேங்கற கடலோர கிராமம், அங்கேருந்து ரேவன்ஸ்கார் கிராமம் வரைக்கும் விடாம ஏத்தம்தான், ஆனா ரயிலுக்காகப் போட்டதுங்கறதால செங்குத்தா இருக்காது, நிதானமா மிதிச்சா ஏறிடலாம், இடது பக்கம் கடல் தெரிஞ்சுக்கிட்டே வரும், அவ்வளவு அழகு. மழை பேஞ்சா சேறு, சில இடத்துல கூழாங்கல்லு வேற, ஒல்லி டயர் சரிப்படாது, அதையும் சேர்த்து எழுதுங்க. புள்ளைங்கள கூட்டிட்டுப் போறவங்க உங்க கட்டுரைய நம்பி ஹைவேல இறங்கிடக் கூடாது.