ஈரான் தொடக்கம் முதலே ஷியா நாடு அல்ல

"ஷியா என்பது அரபுகளுக்கு எதிராகப் பாரசீகர்கள் உருவாக்கிய பிரிவு, ஈரான் என்றுமே ஷியா நாடுதான்" என்று எழுதியிருப்பது தவறு நண்பரே. நபிகளுக்குப் பின் தலைமை யாருக்கு என்ற கேள்வி 632இல் மதீனாவில், அரபுகளுக்குள்ளேயே எழுந்தது. நபியின் மருமகன் அலியே தலைவர் என்ற ஆதரவாளர்கள் (ஷியாக்கள் இவர்கள் வழியினர்தான்) திரண்ட கூஃபாவும், 680இல் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவும் இராக்கில் இருக்கின்றன. ஈரானோ, கும் போன்ற சில ஊர்கள் நீங்கலாக, பல நூற்றாண்டுகள் பெரும்பாலும் சுன்னிகளின் நாடாகவே இருந்தது. சுன்னிகள் போற்றும் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பாளர் இமாம் முஸ்லிம் ஈரானின் நிஷாப்பூர்க்காரர். சுன்னி மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலியும் ஈரானின் தூஸ் ஊர்க்காரர். 1501இல் தப்ரீஸைப் பிடித்த ஸஃபவி மன்னர் ஷா இஸ்மாயில்தான் பன்னிரு இமாம் ஷியா நெறியை (அலி முதலான பன்னிரண்டு இமாம்களைத் தலைவர்களாக ஏற்கும் பிரிவை) ஈரானின் அரச மதமாக்கினார், அதுவும் கடும் வற்புறுத்தலோடு. அதைக் கற்பிக்க இன்றைய லெபனானின் ஜபல் ஆமிலிலிருந்து அரபு அறிஞர்கள்தான் வரவழைக்கப்பட்டார்கள்.